உங்களுதா, எங்களுதா

ஜெயலெட்சுமி படுத்திருந்த அறையின் மாடத்தில் அன்றைக்கு மூன்று தண்ணீர் இருந்தது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து அவள் புருஷன் சந்திரசேகரன் வாங்கி வந்த தீர்த்தம் சின்னப் பித்தளைச் செம்பில், வாயில் வேப்பிலைக் கொத்து செருகி. முனைக்கடை ஹனீபா ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீர் கண்ணாடிக் கிளாசில், மேலே பீங்கான் தட்டு மூடி. பக்கத்து வீட்டு அமலம்மாள் கொண்டு வந்து வைத்த தீர்த்தம் மருந்துப் புட்டியில், தக்கை போட்டு. அது ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளில் கத்தோலிக்கச் சாமியார் மந்திரித்த தண்ணீர்.

எதையும் ஜெயலெட்சுமி வேண்டாம் என்று சொன்னதில்லை. காய்ச்சல் கண்ட முதல் வாரத்தில் மூன்றையும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, "எந்தச் சாமி முழிச்சிருக்குன்னு யாருக்குத் தெரியும், அக்கா" என்று சிரித்தாள். மூன்றாவது வாரத்தில் சிரிப்பு நின்று போயிற்று.

டத்தோ கிராமாட் பக்கத்துச் சந்தில் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர். அமலம்மாளின் புருஷன் பெஞ்சமின் கப்பல் கம்பெனியில் கிளார்க்கு. சந்திரசேகரன் டிராம் ஓட்டுகிறவர். இரண்டு வீட்டிலும் குழந்தை இல்லை. ஆண்கள் வேலைக்குப் போனபின் பெண்கள் இருவரும் ஒரே அம்மியில் அரைத்து, ஒரே வெயிலில் வடாம் காயப்போட்டு, எட்டு வருஷம் கழிந்துவிட்டது. இரண்டு பேரும் வேறு வேறு சாமியைக் கும்பிட்டாலும் சொல் என்னவோ ஒன்றுதான். கோயில் என்றால் இவளுக்கும் கோயில், அவளுக்கும் கோயில். பூசையும் அப்படித்தான், தீர்த்தமும் அப்படித்தான். "நாளைக்குக் கோயிலுக்குப் போறேன்" என்று ஒருத்தி சுவருக்கு இந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தால், அந்தப் பக்கமிருந்து, "உங்களுதா, எங்களுதா?" என்று கேள்வி வரும். ஹனீபா கடையில் கற்பூரம் வாங்கினாலும் மெழுகுவர்த்தி வாங்கினாலும் அதே கேள்விதான். கேட்டுக் கேட்டு ஹனீபாவுக்கும் அது பழகிவிட்டது. உப்பு கேட்டால்கூட, "உங்களுதா, எங்களுதா அக்கா?" என்பார்.

அந்த ஆகஸ்டு மாதத்து மத்தியானத்தில் அமலம்மாள் கேட்காமல் விட்டதும் அந்தக் கேள்விதான்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் அமலம்மாளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நீலம் பாரித்துப் பிறந்து, பத்து நிமிஷம் மூச்சு இழுத்து, நின்றுவிட்டது. சாகக் கிடக்கிற உயிருக்குச் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே பாடம். தண்ணீர்க் குடம் அறையின் மூலையில்தான் இருந்தது. எழுந்திருக்கத் தெம்பில்லை. மருத்துவச்சி சீனத்தி, அவளுக்கு இந்த மந்திரம் தெரியாது. ஞானஸ்நானம் இல்லாத குழந்தை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்த மண் கிடைக்கவில்லை. மதிலோரம், குப்பை எரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், சிலுவை இல்லாமல் புதைத்தார்கள். உபதேசியார் ரேமண்ட் அன்று மாலை வந்து உட்கார்ந்து, ஆறுதலாகத்தான், "பக்கத்துல ஒரு சொட்டுத் தண்ணிகூடவா இல்ல?" என்று கேட்டார்.

அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டியவள் ஜெயலெட்சுமி. தன் பழைய பட்டுப் பாவாடையைக் கிழித்து அதில் சுற்றிக் கொடுத்தாள். நாற்பது நாளும் சோறு வடித்து எடுத்து வந்தாள். அன்றிலிருந்து அமலம்மாள் வீட்டில் தீர்த்தப் புட்டி காலியாக இருந்ததே இல்லை.

அந்த மத்தியானம் சந்திரசேகரன் டிராமுக்குப் போயிருந்தார். இரண்டு முறை லீவு கேட்டும் மறுத்துவிட்டார்கள். அமலம்மாள் மட்டும் பாயருகே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணி தாண்டியதும் ஜெயலெட்சுமியின் மூச்சு மாறியது. எப்படி மாறியது என்று அமலம்மாளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அந்தச் சத்தத்தை அவள் ஒருமுறை கேட்டிருந்தாள்.

"அக்கா."

"சொல்லும்மா."

"தீர்த்தம்."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். கை பாதி எழும்பி, மாடத்தின் இடது பக்கம், வேப்பிலை செருகிய செம்பை நோக்கி நின்றது. பிறகு விழுந்தது.

அப்போது பெரிய ரோட்டில் டிராம் வந்தது. சந்துமுனையைத் தாண்டும்போது சந்திரசேகரன் மணியை இரண்டு முறை மிதிப்பார். வீட்டுக்காரிக்குச் சேதி அது. டங், டங். அமலம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்து ஓடிக் கையைக் காட்டியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார், வேலை போனாலும் நிறுத்தியிருப்பார். சாகிறவளைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்று அமலம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டிராம் ஆயர் ஈத்தாம் பக்கம் போய்விட்டது.

அவள் எழுந்து மாடத்துக்குப் போனாள். செம்பைத் தொடவில்லை. புட்டியின் தக்கையைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு வாய் புகட்டினாள். பிறகு அந்தத் திருநாள் புனிதையின் பெயரையே அவளுக்கு வைத்து, நெற்றியில் மூன்று முறை ஊற்றினாள். "அன்னம்மாள், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்." குரல் நடுங்கவில்லை. ஐந்து வருஷமாக அந்த வார்த்தைகள் நாக்கு நுனியிலேயே காத்திருந்தன.

ஜெயலெட்சுமி கண்ணைத் திறந்து, "ஜில்லுன்னு இருக்குக்கா" என்றாள். ஒரு மணிக்கு முடிந்துவிட்டது.

அமலம்மாள் செய்த அடுத்த காரியத்தை அவள் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. செம்பு நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டு அங்கேயே இருந்தது. அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். அதன்பிறகுதான் வாசலில் நின்று அழுதாள்.

சாவுச் சேதி கேட்டுக் கம்பெனியிலிருந்து வந்த பெஞ்சமினிடம் சொன்னபோது அவள் அழுகையில் சந்தோஷமும் கலந்திருந்தது. "அவ போகும்போது சும்மா போகலைங்க. தண்ணி ஊத்திட்டேன்."

பெஞ்சமின் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நெசமாவா? அவங்களா கேட்டாங்களா?"

கைக்குழந்தைக்குக் கேட்க வேண்டியதில்லை. புத்தி தெரிந்த ஆள் தன் வாயால் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் ஊற்றினால் அது வெறும் தண்ணீர். இது இருவருக்கும் தெரிந்த சட்டம்.

"தீர்த்தம் கேட்டா" என்றாள் அமலம்மாள்.

பெஞ்சமின் மேலே ஒன்றும் கேட்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்.

சாயங்காலம் நாலரை மணிக்குச் சாமியாரும் உபதேசியார் ரேமண்டும் சபைக்காரர்கள் ஆறு பேரும் கறுப்புத் துணி போர்த்திய பாடையுடன் வந்தார்கள். சாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழைப் புதுச்சேரியில் புத்தகம் வைத்துப் படித்தவர். அதற்குள் டிராம்காரர்கள் இருபது பேர் கூடி மூங்கில் வெட்டிப் போட்டிருந்தார்கள். தீச்சட்டியும் தயாராக இருந்தது. இரண்டு பாடைகள் ஒரு சந்தில் எதிரெதிரே நின்றன. எதிர்வீட்டுச் சீனர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார்கள்.

"அந்த ஆத்துமம் திருச்சபையைச் சேர்ந்தது" என்றார் ரேமண்ட். "எரிக்க எங்க சட்டத்துல இடமில்ல."

"எந்த ஊரு சட்டம்யா?" என்றார் ஒரு டிராம்காரர். "எட்டு நாளைக்கு முந்திகூட மாரியம்மனுக்கு மஞ்சத் துணி முடிஞ்ச பொம்பள. செத்த பிறகு வந்து ஆள் சேக்குறீங்களா?"

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையா ஆள் சேத்தா மரியாதையாப் பேசலாம் லா!"

ஹனீபா கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றிருந்தார். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். அன்று சிரிக்காமலே சொன்னார்: "உபதேசியாரே, நான் ஓதின தண்ணியையுந்தான் அந்தப் புள்ள பத்து நாளாக் குடிச்சிச்சு. அப்ப நான் சந்தூக்குப் பெட்டி கொண்டாந்து கபர்ஸ்தானுக்குத் தூக்கிட்டுப் போகவா?"

சில பேர் சாவு வீடு என்பதை மறந்து சிரித்துவிட்டார்கள். சாமியார் முகம் சிவந்தது. ரேமண்ட் குரலை உயர்த்தினார். "நீங்க குடுத்தது மருந்து மாதிரி. இது அவங்க வாயால கேட்டு வாங்கின ஞானஸ்நானம். தீர்த்தம் வேணும்னு கேட்டிருக்காங்க. சாட்சி இருக்கு."

"தீர்த்தமா?" ஹனீபா அமலம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, மாடத்துல ரெண்டு தீர்த்தம் இருந்திச்சே. உங்களுதா, எங்க..."

"ஹனீபா பாய், இது உங்க விஷயம் இல்ல" என்று ரேமண்ட் வெட்டினார்.

அமலம்மாளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. உபதேசியாரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. சாமியார் ஹனீபாவை ஒரு நொடி பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, "மகளே, அவள் கேட்டாளா?" என்றார்.

"கேட்டா, சாமி."

அதுவரை சந்திரசேகரன் டிராம் உடுப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் குந்தியிருந்தார். இப்போது எழுந்து வந்தார். டிராம்காரர்கள் வழிவிட்டார்கள்.

"எனக்குச் சாமியாரத் தெரியாது, உபதேசியாரத் தெரியாது" என்றார். "அக்காவத் தெரியும். அக்கா, நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. நீங்க சொன்னாப் போதும். அவ ஆசப்பட்டாளா?"

வருஷா வருஷம் ஜூலை மாதம் ஜெயலெட்சுமி அமலம்மாளோடு கப்பலேறி அக்கரையில் இருக்கிற பிறைக்குப் போய், ரயில் பிடித்து அன்னம்மாள் திருநாளுக்குப் போகிறவள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள். சந்திரசேகரன் நம்புவதற்கு அதுவே போதும். அந்த நேரத்தில், உண்மையைச் சொல்ல அமலம்மாளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. எங்களுது இல்லை தம்பி, உங்களுது. இவ்வளவுதான். அவள் தலையை நிமிர்த்தினாள். சபைக்காரர்கள் ஆறு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சமின் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் தலையைக் குனிந்துகொண்டு மதிலோரம் நின்ற பெஞ்சமின்.

"ஆசப்பட்டா தம்பி" என்றாள்.

"அப்பச் சரி." சந்திரசேகரன் டிராம்காரர்களைத் திரும்பிப் பார்த்து, "மூங்கில எடுத்துருங்கப்பா" என்றார்.

ஹனீபா கடைக்குத் திரும்பிப் போனார். அதன்பிறகு அவர் கடையில் அமலம்மாள் எது வாங்கினாலும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஜெயலெட்சுமியை நல்ல மந்திரித்த மண்ணில், வேப்ப மரம் இருக்கிற வரிசையில் அடக்கம் செய்தார்கள். சந்திரசேகரன் டிராம்காரர்களோடு தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டார். சிலுவையில் 'அன்னம்மாள்' என்று எழுதியிருந்தது. அடுத்த ஞாயிறு சந்திரசேகரன் தனியாகப் போய், தமிழ் எழுத்தில் ஜெயலெட்சுமி என்ற பெயரைத் தேடி, கிடைக்காமல் ஒவ்வொரு வரிசையாகச் சுற்றிவிட்டு, காவல்காரனிடம் கேட்டார். அவனும் அப்படி ஒரு பெயர் இங்கே கிடையாது என்று அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து, "அக்கா, அவ எங்க இருக்கான்னு தெரியல" என்றார். அமலம்மாள் கூடவே போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

"அந்தச் செம்பையும் காணோம்க்கா" என்றார் வரும் வழியில். "அவங்க அம்மா குடுத்த சீரு. அன்னிக்குக் கூட்டத்துல எவனோ எடுத்துட்டான். எங்க ஆளுகளாத்தான் இருக்கும்."

"இருக்கும்" என்றாள் அமலம்மாள்.

கோயிலில் மாதா சபைப் பெண்கள் அவளை முன்வரிசைப் பாய்க்குக் கூப்பிட்டார்கள். அக்னஸ் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஆத்துமத்தக் கரை சேத்துட்டீங்க, எனக்கு இந்தப் பாக்கியம் வாய்க்கலையே" என்றாள். பெஞ்சமினைக் கோயில் பஞ்சாயத்தில் சேர்த்தார்கள். திருநாளுக்குச் சப்பரம் பிடிக்கும்போது அவருக்கு முன்தண்டு கிடைத்தது. அமலம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நற்கருணை வாங்க எழுந்து போனால் அந்தப் பொய்யோடு வாங்குவதாகும். வாங்காமல் உட்கார்ந்திருந்தால் நான்கு பேர் பார்ப்பார்கள். எழுந்து போவாள். அந்த மூன்று மாதத்தில் அவள் சாப்பிட்டதில் அதைவிடக் கசப்பு எதுவுமில்லை. வீட்டில் அரிசி அளக்கப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் செம்பு இருந்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொட்டவும் மனம் வரவில்லை, நிரப்பவும் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்காலிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். கை எந்தப் பக்கம் நீண்டது என்பதையும், டிராம் மணி கேட்டதையும், செம்பையும்.

"அந்தக் கடைக்காரர் கேட்டது என் காதிலும் விழுந்தது" என்றார் சாமியார் வலைக்கு அந்தப் பக்கமிருந்து. "எந்தத் தீர்த்தம் என்று நான் உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று பயந்தேன். ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடையோடு வந்துவிட்டுச் சும்மா திரும்புவது எப்படி?"

சாமியாரே அவருடைய பாவத்தைத் தன்னிடம் சொல்வதுபோல் இருந்தது அமலம்மாளுக்கு.

"உடம்பத் திரும்பத் தோண்டி எடுத்துக் குடுத்துரலாமா சாமி?"

"நீ இங்கே சொன்னதை நான் வெளியே ஒருவரிடமும் பேச முடியாது. நீயே வெளியே வந்து சொன்னால், தோண்ட அனுமதி கேட்டு மேற்றிராணியாருக்கு எழுதுவேன். அது உன் கையில் இருக்கிறது. ஆனால் அந்த மனிதரிடம் நீ சொல்லியே ஆகவேண்டும். அதுதான் உனக்கு அபராதம்."

மறுநாள் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. சீனக் கத்தோலிக்கர் ஒரு பக்கம், யுரேசியர் ஒரு பக்கம், தமிழர் ஒரு பக்கம். சந்திரசேகரன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மல்லிகைச் சரமும் மெழுகுவர்த்திக் கட்டும் வாங்கி வந்து, அந்தச் சிலுவைக்கு முன் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுத் தயங்கி நின்றார். அமலம்மாளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"நல்ல வேள வந்தீங்கக்கா. இங்க எப்படிக் கும்பிடணும்? மண்டி போடணுமா? அவளுக்குப் பிடிச்ச மாதிரி செய்யணும், எனக்கு ஒண்ணும் தெரியல."

பெஞ்சமின் இரண்டு வரிசை தள்ளி, மதிலோரம், பெயரில்லாத ஓர் இடத்தில் மெழுகுவர்த்தி நட்டுக்கொண்டிருந்தார். அமலம்மாள் முந்தானைக்குள்ளிருந்து செம்பை எடுத்தாள்.

சந்திரசேகரன் செம்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எங்க கிடைச்சிச்சு?"

"எங்க வீட்டுல இருந்துச்சு தம்பி. நான்தான் எடுத்தேன்." அவள் நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்க முடியாது. "அவ தீர்த்தம்னுதான் கேட்டா. கைய இந்தச் செம்பு பக்கம் காட்டினா. நான் புட்டிய எடுத்தேன். எங்களுத ஊத்துனேன். அவ கேட்டது உங்களுது."

பக்கத்துக் கல்லறையில் யாரோ செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சந்திரசேகரன் சிலுவையிலிருந்த பெயரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் கேட்டப்போ..."

"பொய் சொன்னேன்."

"எல்லாரும் அவ்வளவு சண்ட போட்டாங்க. நான் உங்களத்தான் கேட்டேன்."

"ஆமா தம்பி. சாமியார்கிட்ட நான் வெளியில வந்து சொல்றேன். எழுதிப் போட்டா எடுத்துக் குடுப்பாங்க. நீங்க உங்க வழக்கப்படி..."

அவர் கையை நீட்டிச் செம்பை வாங்கினார். உள்ளே பார்த்தார். ஓரமெல்லாம் களிம்பேறியிருந்தது. அவர் குனிந்து, சிலுவைக்கு முன்னால், தலைமாட்டில் செம்பைக் கவிழ்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீரும் விழவில்லை. காய்ந்து கறுத்த வேப்பிலை மட்டும் உதிர்ந்தது. அவர் அப்படியே செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி, இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல் காத்திருந்தார்.

"மூணு மாசம் ஆச்சே" என்றார் பிறகு, செம்பைப் பார்த்தே. "இனிமே எடுத்து என்ன எரிக்க?"

அவர் ஏற்றி வைத்திருந்த மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கி அணைத்தார். மல்லிகைச் சரத்தை மட்டும் மண்மேல் வைத்தார். செம்பைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தம்பி" என்றாள் அவள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் சந்திரசேகரன்.

எட்டு வருஷத்தில் அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. டிராமில் ஏறுகிற யாரோ ஒரு பெண்ணிடம், இறங்கும் இடம் வந்துவிட்டது என்று சொல்லும் அதே மரியாதையான குரலில் அவர் அதைச் சொன்னார். அமலம்மாள் பெஞ்சமினுக்காகக் காத்திருக்காமல், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அக்னஸ் டீச்சர் கூப்பிட்டதும் காதில் விழாததுபோல், வாசலை நோக்கி நடந்தாள்.